பதினைந்து சென்டிமீட்டர் வால்

முண்டூலா ஊரை நிர்வகிக்கும் ஷயர் கவுன்சிலுக்குச் சொந்தமான எந்தச் சுவரிலிருந்தும், முறைப்படி சோதித்துச் சீட்டுக் கட்டப்படாத எந்தக் கருவிக்குள்ளும், எக்காரணம் கொண்டும் மின்சாரம் நுழையக் கூடாது என்பது சட்டம். இந்தச் சட்டத்தை மின்சாரம் படித்ததா என்று யாரும் விசாரித்ததில்லை. ஊர் ஜனங்கள் படித்திருந்தார்கள். படிக்காதவர்களுக்கு டரில் ஃபென்விக் படித்துக் காட்டியிருந்தார்.

டரில், கவுன்சிலின் மின் பாதுகாப்பு இணக்க அலுவலர். பளபளக்கும் மஞ்சள் சட்டை, கையில் பெட்டி போன்ற சோதனை இயந்திரம், இடுப்பில் ஒரு கத்தை சீட்டு. சீட்டின் நிறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். நூலகத்துக் கெட்டில், நீச்சல்குளத்து டோஸ்டர், கிரிக்கெட் மைதானத்து ஸ்கோர் பலகை என்று எல்லாவற்றின் கழுத்திலும் சீட்டுத் தொங்கியது. சோதனை இயந்திரத்தின் கழுத்திலும் தொங்கியது. அதை எதை வைத்துச் சோதித்தார் என்று கேட்டால், "அதை வெச்சேதான்" என்பார். நல்ல மனுஷர். கடமை என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் கண் தெரியாது.

நவம்பர் மாதத்தில் ஒரு காலை, அவர் மேஜைக்கு முன்னால் நெரிடா பிளங்கெட் ஒரு அடாப்டரோடு வந்து நின்றாள்.

நெரிடா சர்க்கரை ஆலையின் மின்பட்டறையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர்களை வாங்கி எதையாவது செய்துகொண்டிருப்பது அவளுடைய பொழுதுபோக்கு. கோழிக்கூட்டுக் கதவைத் தானாகத் திறக்க வைப்பாள். திறந்த கதவைத் தானாக மூட வைப்பாள். கோழிகளுக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஆனால் இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. போன பிப்ரவரியில் கட்டர் ஓடை நாற்பது நிமிஷத்தில் பொங்கி, சக்கர வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கும் ரீனோ ஸ்கார்பாவின் கேரவன் பார்க்குக்குள் புகுந்தது. மாநில அரசின் வெள்ளமானி ஓடையின் மேல்பக்கம் இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மணிக்கு ஒருமுறைதான் வாயைத் திறக்கும். அது வாயைத் திறப்பதற்குள் பத்தொன்பது கேரவன்களில் ஆறு மிதந்து போய்விட்டன. எண்பது வயது லெஸ், குளியலறைக் கூரை மேல் இரண்டு மணி நேரம் கிளிக்கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பாலத்தின் மேலிருந்து பார்த்த நெரிடாவுக்கு அப்புறம் பல நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் பாலத்துக்கடியில் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் ஒரு கண்ணைத் தொங்கவிட்டு, பக்கத்துப் பம்பு ரூமில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை வைத்தாள். தண்ணீர் ஏறினால் அது, மிதந்து போனவற்றுக்குப் பதிலாக வந்த ஆறையும் சேர்த்து, பத்தொன்பது கேரவன்களுக்கும் போன் அடிக்கும். எல்லாம் தயார். கரண்ட் மட்டும்தான் பாக்கி. பம்பு ரூம் சுவரோ கவுன்சிலின் சுவர்.

"வாங்க நெரிடா. என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"அடாப்டர். அஞ்சு வோல்ட், மூணு ஆம்பியர். பாதுகாப்பு முத்திரை இருக்கு. இருபத்துநாலே டாலர்தான். சீட்டைக் கட்டிக் குடு, நான் கிளம்பறேன்."

டரில் அடாப்டரை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். அவர் முகம் மெல்ல வாடியது.

"ஒயர் எங்க?"

"ஒயர் தனி. இந்த ஓட்டையில சொருகிக்கணும்."

"கழட்ட முடிஞ்சா அது தனிக் கருவி. அப்ப இதுல ஒயரே இல்ல. சீட்டை எங்க கட்டறது?"

"மேல ஒட்டு."

"இது ஒட்டற சீட்டு இல்ல, கட்டற சீட்டு." டரில் ஒரு தடிமனான புத்தகத்தைத் திறந்தார். "விதி பதினொண்ணு. 'சீட்டானது கருவியின் ஒயரைச் சுற்றிக் கட்டப்பட்டு, யாவரும் காணும் வண்ணம் தொங்குதல் வேண்டும்.' தொங்கணும், நெரிடா. இதுல எதுவுமே தொங்கலையே."

"தொங்கறதுக்கு எதுவும் இல்லாததுதான்யா அதோட நல்ல குணம். இழுபடாது, தேயாது, எலி கடிக்காது."

"எலி கடிக்கலாம். அதுக்கு விதி நாப்பது இருக்கு. தொங்காம இருக்கறதுக்குத்தான் விதி இல்ல."

டரில் இரக்கமுள்ளவர். அவளை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், அலமாரியிலிருந்து கவுன்சில் அங்கீகரித்த சார்ஜர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பெட்டிக்கு நாற்பது, ஒன்று மூன்று டாலர். கையில் எடுத்தால் எடையே இல்லை. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கத் தோன்றும். ஆனால் அதற்கு ஒயர் இருந்தது. ஒயரில் நீலச் சீட்டு அழகாகத் தொங்கியது.

வீட்டுக்குக் கொண்டுபோய் நெரிடா அதைச் சொருகினாள். திரையின் மூலையில் சின்னதாக ஒரு மின்னல் குறி வந்தது. குட்டிக் கம்ப்யூட்டரின் பாஷையில் அதற்கு 'பசிக்கிறது' என்று அர்த்தம். அஞ்சு வோல்ட் வரவேண்டிய இடத்தில் நாலரைதான் வந்தது. ஒரு மணி நேரத்தில் கம்ப்யூட்டர் பதினோரு முறை மயங்கி விழுந்து எழுந்தது. சார்ஜரைத் தொட்டால் இஸ்திரிப்பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தவளுக்குப் பகீரென்றது. மறுநாள் காலை அதை டரிலின் மேஜை மேல் வைத்தாள்.

டரில் அதைத் தன் இயந்திரத்தில் மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. "பாஸ்."

"டரில், உள்ள சுவத்துக் கரண்ட்டும் அஞ்சு வோல்ட்டும் ஒரே பாயில படுத்திருக்கு. நடுவுல நகம் அளவு இடைவெளிகூட இல்ல. என்னைக்காவது ஒருநாள் ரெண்டும் சேந்துக்கும். அன்னைக்குத் தொட்டவன் காலி."

"உள்ள பாக்கற அதிகாரம் எனக்கு இல்ல." அவர் திடீரென்று நிமிர்ந்தார். "உள்ள இருக்கறது உங்களுக்கு எப்படித் தெரியும்? திறந்தீங்களா?"

"திறந்தேன்."

"திறந்தா சீட்டு ரத்து." டரில் கத்தரிக்கோலை எடுத்து நீலச் சீட்டை வெட்டினார். "நல்லா இருந்த பொருளை இப்படிப் பண்ணிட்டீங்களே, நெரிடா."

நெரிடா மின் பாதுகாப்புக் குழுவுக்கு மேல்முறையீடு செய்தாள். குழுத் தலைவி பெரில் ஆன்ஸ்லோ துணை மேயர். யார் என்ன சொன்னாலும் தலையசைத்துக் கேட்டு, கேட்ட எதுவும் முடிவாகிவிடாமல் பார்த்துக்கொள்வதில் அந்த வட்டாரத்திலேயே அவருக்கு நிகர் கிடையாது. ஒரு மணி நேர விவாதத்துக்குப் பின், ஒயரில்லாக் கருவிகளின் தன்மை, தோற்றம், எதிர்காலம் ஆகியவற்றை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. பதினாலு மாதத்தில் அறிக்கை தர வேண்டும்.

"மழை அஞ்சு வாரத்துல வரும், பெரில்," என்றாள் நெரிடா.

"உங்க கவலையைக் குறிப்புல ஏத்தியாச்சும்மா," என்றார் பெரில் கனிவாக.

அன்று மத்தியானம் நெரிடா கேரவன் பார்க் வாசலில் ரீனோவோடு உட்கார்ந்திருந்தாள். கையில் இறைச்சி அடைத்த பலகாரம் ஆறிக்கொண்டிருந்தது. எதிரே லெஸ் கிளிக்கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்த டரிலுக்கு என்னதான் வேணுமாம்?" என்றான் ரீனோ.

"தொங்கறதுக்கு ஏதாவது வேணுமாம்."

"ஒரு வால் வெச்சு விடேன். பின்னாடி கிடக்கே என் பழைய வாக்குவம் கிளீனர், அதோட ஒயரை ஒரு துண்டு வெட்டி ஒட்டு. நாய்க்குட்டி மாதிரி ஆட்டிட்டே போய் நிக்கட்டும் உன் அடாப்டர்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

நெரிடா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கத்தியைத் தேடினாள்.

ஆரஞ்சு நிற ஒயரில் சரியாகப் பதினைந்து சென்டிமீட்டர். ஒரு முனையை அடாப்டரின் முதுகில் பசை போட்டு ஒட்டினாள். மறு முனை சும்மா தொங்கியது. உள்ளேயும் எதோடும் சேரவில்லை, வெளியேயும் எதோடும் சேரவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு வெட்கக்கேடான வேலையை அவள் செய்ததில்லை.

மறுநாள் டரில் அந்த வாலைச் சோதித்தார். இயந்திரத்தைத் தட்டிவிட்டு மறுபடி சோதித்தார். அவர் கண்கள் விரிந்தன.

"கரண்ட் கசிவு பூஜ்யம்! இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு ஒயரை நான் பாத்ததே இல்ல. ஒரு துளிகூடக் கசியல."

"நல்ல ஒயர்," என்றாள் நெரிடா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

ஒயர் எங்கே போகிறது என்ற கேள்வி படிவத்தில் இல்லை. ஆகவே டரிலும் கேட்கவில்லை. நீலச் சீட்டைக் கட்டி, அது தொங்குவதைச் சற்று நேரம் ரசித்துவிட்டுக் கொடுத்தார்.

ஜனவரி பதினெட்டு, மத்தியானம் இரண்டு மணி இருபது நிமிஷம். பத்தொன்பது போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன. ரீனோ ஓட, எல்லாரும் ஓட, கிடைத்த வண்டியில் எல்லாம் கேரவன்களைக் கட்டி இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்த கண்காட்சித் திடலுக்குப் போனார்கள். முதல் வண்டியில் லெஸ், மடியில் கிளிக்கூண்டு. மூன்று மணிக்கு ஓடை பார்க்குக்குள் வந்து பார்த்தது. எடுத்துப் போக ஒன்றும் இல்லாமல் புல்லை நனைத்துவிட்டுக் கிடந்தது. நெரிடா பாலத்தின் மேல் மழையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

கவுன்சில் உடனடியாக விசாரணை நடத்தியது. ஒன்று சரியாக வேலை செய்துவிட்டால், அது ஏன் நடந்தது என்று கண்டுபிடிக்காமல் கவுன்சிலுக்குத் தூக்கம் வராது. வெள்ளத்தன்று காலையிலிருந்தே மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கவுன்சில் கட்டடங்களில் மாட்டியிருந்த மூன்று டாலர் சார்ஜர்கள் நாற்பதும் படுத்துவிட்டன. அதில் இரண்டு நூலகத்தில் புகைந்து குழந்தைகள் பகுதியைக் காலி செய்ய வைத்தன. அறிக்கையின் முடிவுரை இப்படி இருந்தது: 'செயலிழந்த நாற்பது கருவிகளிலும் ஒயர் இருந்தது, ஆனால் அவ்வொயர்கள் யாவும் எங்கோ சென்றன. செயல்பட்ட ஒரே கருவியில் மட்டும் பதினைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள, ஆரஞ்சு நிற, எங்கும் செல்லாத ஒயர் காணப்பட்டது. இதிலிருந்து பெறப்படும் பாடம் வெளிப்படையானது.'

டரிலுக்குப் பதக்கம் கிடைத்தது. வால் கட்டாயமாயிற்று.

கட்டாயமான எதையும் ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்வார்கள். ஆனால் வால் விஷயத்தில் கவுன்சில் கேட்பதற்கு முன்பே முந்திக்கொண்டார்கள். ரொட்டிக் கடையில் கார்டு தேய்க்கும் இயந்திரத்துக்கு வால் வந்தது. பப்பில் பியர்க் குழாய்க்கு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளைகளின் லேப்டாப்புகள் வாலோடுதான் வர வேண்டும் என்று பெற்றோருக்குக் கடிதம் போயிற்று. பகல் நேரத்துக்கு ஆரஞ்சு, கல்யாணத்துக்குக் கறுப்பு, சவ அடக்கத்துக்கு அடக்கமான சாம்பல் நிறம் என்று ஒரு வழக்கம் எப்படியோ உண்டாயிற்று. பெரில் ஆன்ஸ்லோ தன் காது கேட்கும் கருவியில் சின்னதாக ஒன்று தொங்கவிட்டுக்கொண்டார். கம்மல் என்று நினைத்து நாலு பேர் விசாரித்தார்கள்.

இரும்புக் கடையில் வால் முப்பத்திரண்டு டாலருக்கு விற்றது. ஒருநாள் நெரிடா, கைவசம் இருக்கட்டும் என்று இன்னொரு அடாப்டர் வாங்கப் போனாள்.

"அந்த இருபத்துநாலு டாலர் அடாப்டரா? அதை நிறுத்திட்டோம்," என்றார் கடைக்காரர். "யாரும் கேக்கறதில்ல. எல்லாரும் மூணு டாலர் சார்ஜர் வாங்கி, நல்ல வாலா ஒண்ணு மாட்டிக்கறாங்க. முப்பத்தஞ்சு டாலர்ல முழுப் பாதுகாப்பு."

அதுவரை நெரிடா பேசாமல்தான் இருந்தாள். வாலைப் பற்றி உண்மையைச் சொன்னால் சீட்டுப் போகும். சீட்டுப் போனால் கரண்ட் போகும். கரண்ட் போனால் பத்தொன்பது குடும்பம். ஆனால் மார்ச் முதல் வாரம் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பம்பு ரூமில் உள்ள கருவியைத் தரப்படுத்தப் போகிறார்களாம். வாலை அப்படியே வைத்துக்கொண்டு, அது தொங்கும் அடாப்டரை மட்டும் எடுத்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட மூன்று டாலர் சார்ஜரைப் பொருத்துவார்களாம்.

கவுன்சில் கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. வெளியே ரொட்டியில் சாசேஜ் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நெரிடா மேடைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அந்த வால் பொய்," என்றாள். "அது எதோடயும் சேரல. பசை போட்டு நான்தான் ஒட்டினேன். டரிலுக்குச் சீட்டுக் கட்ட இடம் வேணும்னு ஒட்டினேன். அன்னைக்கு வேலை செஞ்சது அடாப்டர். நல்ல அடாப்டர், அவ்வளவுதான். நீங்க எல்லாரும் வீட்டுல வெச்சிருக்கீங்களே அந்த மூணு டாலர் சார்ஜர், அதுதான் ஆளைக் கொல்லும். தயவு செஞ்சு அதைத் தூக்கிப் போடுங்க. அந்த வால் வெறும் வாக்குவம் கிளீனர் ஒயர்."

முப்பத்தொரு வருஷ அனுபவத்தில் நெரிடா பல ஃபியூஸ்கள் போவதைக் கேட்டிருக்கிறாள். அவற்றிலும் அந்தக் கூடத்தின் அளவு அமைதி இருந்ததில்லை. பெரில் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எந்தக் கம்பெனி வாக்குவம் கிளீனர்?"

இருநூறு பேனாக்கள் ஒரே நேரத்தில் எழுதத் தயாராயின.

"என்னோடது!" பின் வரிசையிலிருந்து ரீனோ எழுந்தான். "ஒரிஜினல் ஒயர் இன்னும் ஆறு மீட்டர் இருக்கு."

"ரீனோ!" என்று கத்தினாள் நெரிடா. "நீயுமா? நீதானேடா கிண்டலுக்குச் சொன்னே!"

"சொன்னேன். அப்புறம் என் பத்தொம்போது வண்டியும் தப்பிச்சுதா இல்லையா? நான் சொன்னது எனக்கே தெரியாம சரியாப் போச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

உண்மையைத் துணிந்து வெளியிட்டமைக்காக நெரிடாவுக்கு நன்றி தெரிவித்து ஒரு தீர்மானம் நிறைவேறிற்று. ஒரிஜினல் வால் விலைமதிப்பற்றது என்பதால், அதையோ, அது ஒட்டியிருக்கும் அடாப்டரையோ தரப்படுத்துவதற்காக யாரும் தொடக் கூடாது என்று இன்னொரு தீர்மானமும் நிறைவேறிற்று. ஆக, அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அந்த வாரத்தில் முண்டூலாவில் நூற்றுக்கும் மேற்பட்ட வாக்குவம் கிளீனர்கள் வாலிழந்தன. வீடுகள் குப்பையாகக் கிடந்தன. பாதுகாப்பாகக் கிடந்தன.

அந்தக் கூட்டத்தில் அவள் பேச்சு ஒரே ஒரு மனுஷருக்குத்தான் உறைத்தது. ஏப்ரல் முதல் தேதி காலை, நெரிடா பம்பு ரூமில் தூசி துடைத்துக்கொண்டிருந்தபோது, டரில் வாசலில் வந்து நின்றார். மஞ்சள் சட்டை கசங்கியிருந்தது. பதக்கத்தைக் காணோம்.

"மூணு வாரமாத் தூங்கல, நெரிடா," என்றார். "நீங்க சொன்னது சரி. நான் ஒரு சார்ஜரைத் திறந்து பாத்தேன். சட்டப்படி தப்புதான், ஆனா திறந்துட்டேன். நகம் அளவுகூட இடைவெளி இல்ல. இருபது வருஷமா நான் சீட்டு தொங்கற கயித்துக்குத்தான் காவல் இருந்திருக்கேன்."

இத்தனை மாதத்தில் ஒரு ஆளாவது கேட்டானே என்று நெரிடாவுக்கு ஆறுதலாக இருந்தது. தன் தெர்மாஸிலிருந்து அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள்.

"விதி பதினொண்ணை மாத்தச் சொல்லி எழுதிட்டேன்," என்றார் டரில். "இனிமே அடாப்டர் மேலயே சீட்டு ஒட்டலாம். அதை நானே முதல்ல செய்யணும்னு வந்தேன். தரப்படுத்தத் தொடக் கூடாதுன்னுதான் தீர்மானம், பரிசோதிக்கத் தொடலாம். இந்தப் பொய் வாலை இன்னைக்கே வெட்டி எறிஞ்சிடலாம்." இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

நெரிடா தலையசைத்தாள். வெளியே பார்த்தாள். மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. ஓடையில் தண்ணீர் கொஞ்சம் கலங்கல். குட்டிக் கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு சீராக மின்னிக்கொண்டிருந்தது; ஐந்து மாதமாக ஒரு முறைகூட அது மயங்கி விழவில்லை. டரில் வாலை இரண்டு விரலால் பிடித்து, கத்தரிக்கோலை அதன் அடியில் வைத்தார்.

"இரு," என்றாள் நெரிடா.

"ஏன்?"

"ஓடிட்டிருக்குல்ல."

"ஓடறது அடாப்டர்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"வால் எதோடயும் சேரலன்னும் சொன்னீங்க."

"சேரல. நான்தான் ஒட்டினேன், எனக்குத் தெரியாதா? சேரவே இல்ல."

"அப்புறம் என்ன?"

மலைப்பக்கம் இடி உருண்டது. நெரிடா பத்தொன்பது கேரவன்களையும் நினைத்தாள், லெஸ்ஸை நினைத்தாள். மின்சாரத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அதில் எந்த இடத்திலும் வால் வரவில்லை.

"மழைக்காலம் முடியட்டும் டரில்," என்றாள். "ஓடறதுல எதுக்குக் கை வைக்கணும்?"

டரில் கத்தரிக்கோலை உள்ளே வைத்துக்கொண்டு, புதுக் காலாண்டுக்கான பச்சைச் சீட்டு ஒன்றை உருவினார். அவர் கட்டுவதற்கு வசதியாக, நெரிடா வாலை நேராகப் பிடித்துக் கொடுத்தாள்.